நிரந்தர முகவரி

சான் பெத்ரோ சூலாவில்
சட்டை தைக்கும் தொழிற்சாலை வாசலில்
விண்ணப்பம் வாங்குவது என் வேலை.
பெயர், வயது, நிரந்தர முகவரி.
முதல் இரண்டையும் நான் படிப்பதில்லை.

ஓஸ்மின் நான்கு முறை வந்தான்.
முதல் முறை அண்ணன் சட்டையில்,
கழுத்துப் பொத்தான் வரை பூட்டி.
அடுத்த முறை மழை.
காகிதத்தை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தான், நனையவில்லை.
லாஸ் கார்சாஸ் காலனி, ஆற்றோரம், கடைசித் தெரு.
குண்டு குண்டான எழுத்தில்
உண்மையை எழுதியிருந்தான், மடையன்.

"கூப்பிடுவோம்" என்றேன்.
அந்தக் காலனிப் பையன்களின் காகிதங்களுக்கு
மேசைக்கடியில் ஒரு பெட்டி.
வாழைப்பழம் வந்த பெட்டி.
பெண்கள் என்றால் எடுத்துக்கொள்வோம்.
அவன் அம்மா உள்ளேதான், எட்டாம் வரிசையில்,
ஒரு நாளைக்கு அறுநூறு இடக்கை.
இருட்டில் வந்து இருட்டில் போகிறவள்.

நான்காம் முறை கேட்டான்:
"பெட்டி நிறைஞ்சிடுச்சா சார்?"

பிறகு பார்த்தது பேருந்தில்.
வரி வசூலிக்கும் பையன்களோடு, வெள்ளை ஷூ போட்டு,
ஓட்டுநர் நீட்டிய நோட்டை
எண்ணாமல் வாங்கினான்.
எண்ண வேண்டியதில்லாத கை.

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து
ஒரு பெண் வந்தாள், ஒலிப்பதிவுக் கருவியோடு.
ஏன் போய்ச் சேர்கிறார்கள்?
வறுமை என்றேன். அப்பன் இல்லாத வீடு என்றேன்.
தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

மைதானத்து விளக்கு
ஆறு வருடம் எரியாமல் கிடந்ததைச் சொல்லவில்லை.
நகராட்சிக்கு மனு மேல் மனு.
இடதுகையன் என்று ஒருவன்,
ஒரே சாயங்காலத்தில் ஏணி வைத்து மாட்டினான்.
அந்த வெளிச்சத்தில் ஓஸ்மினைப் பார்த்து
அவன் முதலில் கேட்டது:
"சாப்பிட்டியா?"

நான் முதலில் கேட்டது:
"எங்க இருக்கே?"

பெட்டி நிறைந்தால் வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
பின்பக்கம் வெறும் தாள்; வீணாவானேன்.
என் மகன் ரூபெனியோ, பதினொரு வயது,
அதில் கப்பல் வரைவான்.

நேற்று ஒரு கப்பலுக்குப் புகைபோக்கி வைக்கையில்
தாளைத் திருப்பினான்.
விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"அப்பா, இது நம்ம தெருதானே?
நீங்க மட்டும் ஏன்
அத்தை வீட்டு விலாசத்தை எழுதுறீங்க?"

புகையைப் போடு, என்றேன்.
புகை இல்லாமல் கப்பல் எப்படிப் போகும்.