பத்து மணிக்குக் கொஞ்சம் கீழே

கெமியில் டிசம்பர்.
மதியம் இரண்டுக்கே வெளிச்சத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள்.
அடுக்ககத்தின் அடியில்
போருக்கென்று கட்டி, போர் வராமல்போன பதுங்கறை.
இரும்புக் கதவுக்கு உள்ளே
பனிச்சறுக்குக் கட்டைகள், யாருடையதோ தொட்டில்,
எங்கள் மூவரின் சத்தம்.

ஆம்ப், லூலியோவில் ஒருவனிடம் வாங்கியது.
பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து
எல்லை தாண்டிக் கூட்டிவந்தேன்.
எட்டு வால்வு. சூடேறும்வரை பொறுக்க வேண்டும்.
அந்த ஒரு நிமிடம்
நான் எதற்கும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

தனியாக இருந்த இரவில் வைத்த அளவு:
கெயின் நான்கு மணி. பேஸ் மூன்று.
மிட் ஏழு மணியில், அதாவது ஒன்றுமில்லை.
ட்ரெபிள் வேண்டுமட்டும்.
ஒரே தந்தி, ஒரே அடி,
சுவரில் மாட்டியிருந்த வாயுமுகமூடி ஆணியோடு நடுங்கியது.
தோளில் ஒரு மலை.
யாரும் கலைத்துவிடக் கூடாதென்று
குமிழ்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ரௌஹா வந்து டிரம்மில் உட்கார்ந்தாள்.
அவள் பெயருக்கு அமைதி என்று பொருள்.
ஓஸ்மோ பேஸ் கிட்டாரைச் செருகினான்.
நான்கு எண்ணினோம்.

மலையைக் காணோம்.

கை அசைகிறது, தந்தி அதிர்கிறது,
காதுக்கு வருவதோ
பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் சத்தம்.
கூட்டினேன். வதங்கல்தான் கூடியது.
முடிந்ததும் ரௌஹா காதடைப்பானை எடுத்துவிட்டுச் சொன்னாள்:
"நீ நிறுத்தும்போதுதான்
வாசித்துக்கொண்டிருந்தாய் என்று தெரிகிறது."

ஓஸ்மோவுக்குப் பனி உடைக்கும் கப்பலில்
இயந்திர அறை வேலை. பேச்சு குறைவு.
குனிந்து கெயினைத் திருப்பினான்.
நான்கு, இரண்டு, பன்னிரண்டு,
பத்து மணிக்குக் கொஞ்சம் கீழே.
மிட்டை ஒன்றரைக்கு ஏற்றினான்.
பேஸைப் பாதியாக்கி, "கீழ்த்தளம் என்னுடையது" என்றான்.
என் அலமாரியை அந்நியன் திறந்து
உள்ளாடைகளை மடித்துவைத்தது போலிருந்தது எனக்கு.

அசிங்கமான சத்தம். சளி பிடித்த மூக்கு.
இத்தனை நாள் ஒளிந்திருந்தவை எல்லாம் வெளியே வந்தன:
சுண்டுவிரல் அரைக் கணம் பிந்துவது,
உள்ளங்கை தந்தியை அமுக்காமலே
அமுக்குவதாய் நடிப்பது,
மூன்றாவது ரிஃபில் எப்போதும் நான் விழுங்கிவிடும் இரண்டு சுரம்.
கெயின் நல்ல கம்பளி.
எவ்வளவு அழுக்கையும் மூடும்.

வல்லினம் இருந்தது என்னிடம், மெல்லினம் இருந்தது.
இடையினத்தை முழுக்கத் துடைத்துவிட்டுப்
பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ர இல்லாமல், ல இல்லாமல், ழ இல்லாமல்
எந்த வாய்
எதைச் சொல்லி முடிக்கும்?

கேபிளைப் பிடுங்கினேன். வாசல்வரை போனேன்.
இரும்புக் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும்;
ஒன்றில் கிட்டார் இருந்தது.
திரும்பி வந்தேன்.

இந்தமுறை
ரௌஹாவின் கால் உதைத்த டிரம்மும்
என் அமுக்கிய தந்தியும்
ஒரே ஆணியின் தலையும் முனையுமாக இறங்கின.
மலையில்லை. ஒரு கதவு.
அறைந்து சாத்துகிறது, திறக்கிறது,
நடுவில் சுத்தமான நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் ஏதோ கிணுகிணுத்தது.
ஓஸ்மோ பென்சிலின் பின்புறத்தால்
வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான்.
மூன்றாவது, ஸ்பீக்கர் வழியே, டிங் என்றது.
இவ்வளவு நாளும் அதை
என் முரட்டுத்தனத்தின் பங்கு என்று நினைத்திருந்தேன்.

அணைத்து, துணியால் பிடித்துக் கழற்றினோம்.
ஒன்பதுக்கு மேல் அனுமதியில்லை,
மேல்மாடிச் செவிலிக்கு விடிகாலை வேலை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
முதல் தெருமுனைவரை
கோட்டுப் பைக்குள் அந்தக் கெட்ட வால்வு
இளஞ்சூடாக இருந்தது.

நான்கு மணிப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.
தனியாக இருக்கும் இரவு
மறுபடி வராதா என்ன.