தைத்து மூடிய பாக்கெட்

பள்ளிக்கூடச் சுற்றறிக்கையில்
'ஸ்மார்ட் ஃபார்மல்ஸ்' என்றிருந்தது.
பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிள்ளைகளுக்கு
வெள்ளிக்கிழமைதோறும்.
எங்கள் வீட்டில் இதுவரை ஸ்மார்ட் என்று பெயரெடுத்தது
ரேஷன் கார்டு மட்டும்தான்.

கீழே பொடி எழுத்தில்:
முழுக்கைச் சட்டை, வெளிர் நிறம்.
பேன்ட் கறுப்பு அல்லது கருநீலம், இறுக்கம் கூடாது.
கோட்டு. மூடிய ஷூ.
பளபளப்பு, பூ வேலை, தொங்கட்டான் கூடாது.
இரண்டு தடவை வாசித்தேன்.
நான் கடையில் சேர்ந்த அன்று
மேனேஜர் வாசித்ததும் ஏறக்குறைய இதுதான்.
எங்களுக்குப் பூ மட்டும் கட்டாயம்,
சொந்தக் காசில் அரை முழம்.

பதினொரு வருடமாக நாகர்கோவிலில்
இரண்டாம் மாடி, சுடிதார் பிரிவில் நிற்கிறேன்.
ஊழியருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.
ஆனாலும் ஜெர்ஷாவை மார்த்தாண்டத்துக்குக் கூட்டிப்போனேன்.
அவள் ஒவ்வொரு விலைச்சீட்டையும் திருப்பிப் பார்ப்பதை
என்கூட நிற்கிறவர்கள்
பார்க்க வேண்டாம் என்று.

மேம்பாலத்தடியில் குடையை உதறிவிட்டு ஏறினோம்.
"உக்காருங்கக்கா" என்றாள் விற்கிற பெண்.
ஸ்டூலைப் பார்த்தேன்.
கால் மடங்கவில்லை.

"எம்மா, இதுல பாக்கெட்டே இல்ல.
வாய் மட்டும் வச்சி ஏமாத்துது."
பேன்டின் இடுப்போரம் விரலை ஓட்டி ஓட்டித் தேடினாள்.
பொம்பளப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வருமாம்.
பையன்கள் பக்கம் போய்
இருபத்தெட்டு இடுப்பில் ஒன்றை அவளே உருவினாள்.
கொஞ்சம் லூசு.
கை முழுக்க உள்ளே போனதும்
வேறு எதையும் தொடவில்லை.

கோட்டு இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
பரீட்சை, லீவு எல்லாம் போக
முப்பது வெள்ளிக்கிழமை என்று வைத்தால்
ஒரு வெள்ளிக்கு எழுபத்தெட்டு ரூபாய்.
சாளை வாங்கினால் ஒரு நேரத்துக் கறி.
மனசுக்குள் இப்படிப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்கையில்
கை பாட்டுக்கு எதையோ செய்திருக்கிறது:
அவள் வேண்டாமென்று போட்ட ஏழு சட்டையும்
காலர் நிமிர்ந்து, கை பின்னால் மடங்கி,
அடுக்கி வைத்தபடி இருந்தன.
"எந்தக் கடையிலக்கா?" என்றாள் விற்கிற பெண்.
சொன்னேன்.
அதன்பிறகு அவள் ஸ்டூலைக் காட்டவில்லை.
பக்கத்தில் வந்து நின்றாள்,
ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு,
என்னைப் போலவே.

கதவைத் திறந்து ஜெர்ஷா வெளியே வந்தாள்.
கருநீலக் கோட்டு, தோள் சரியாக உட்கார்ந்திருந்தது.
எந்த அவசரமும் இல்லாத முகம்.
"வாங்க மேடம், என்ன பாக்கணும்?"
வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு.
விழுங்கினேன்.
தொண்டையில் அது இறங்க
ரொம்ப நேரம் ஆனது.

"எம்மா, கோட்டுலயும் பாக்கெட் பொய்தான்."
"இல்ல மக்களே, இது நெசம்.
ஹேங்கர்ல தொங்கி ஷேப்பு போவாம இருக்க
தையல் போட்டு அடைச்சிருக்கானுவ."
கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தேன்.
நூலின் நுனி எந்தப் பக்கம் என்று
எனக்குத் தெரியும்.
ஒரே இழுப்பு.

பஸ்ஸில் கோட்டைக் கழற்றவே இல்லை.
கழுத்தெல்லாம் வேர்வை.
கண்டக்டர் மகளிர் இலவச டிக்கெட் இரண்டு கிழித்துத் தந்தார்.
எப்போதும் வாட்ச் வாருக்குள் செருகிக்கொள்வேன்.
"இங்க தா" என்று வாங்கி
இரண்டையும் உள்ளே போட்டு
மேலே தட்டிக்கொண்டாள்.

ஷூவுக்குக் காசு மிஞ்சவில்லை.
பக்கத்து வீட்டு ஆல்பினின் என்.சி.சி. ஷூ சும்மா கிடக்கிறது,
ஒரு சைஸ் பெரிது.
முன்னால் பஞ்சு வைக்க வேண்டும்.
பஞ்சைப் பற்றிச்
சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.