எல்லைப் படலம்

காரைக்குடியில் கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள்.
ஆய்வுக்கூடத்தில் விசிறி போடக் கூடாது.
காற்றடித்தால் அளவு கெடும் என்கிறார் உமையாள் மேடம்.
நாங்கள் கெட்டால் கணக்கில்லை.

ஒரு சாண் அகலச் செம்புத் தட்டு,
வெட்டியதும் இழைத்ததும் நான்.
அடியில் சூடேற்றும் தகடு. மேலே
கறுப்பாய் ஒரு திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது.
பார்க்கப் பேனா மை. குப்பியருகே காந்தத்தைக் கொண்டுபோனால்
பலாக்காய்த் தோலாகச் சிலிர்த்து நிற்கும்.
உள்ளே இரும்புத் துகள், கண்ணுக்குப் படாத அளவில்,
ஒவ்வொன்றுக்கும் சோப்பு மாதிரி ஒரு மேல்சட்டை.
இல்லாவிட்டால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
அடியில் படுத்துவிடும்.

மேடம் அதிகம் விளக்குகிறவர் இல்லை. ஒருநாள் சொன்னார்:
"ஆரோக்கியம், மேலே எவ்வளவு வேகமாக ஓடினாலும்
தட்டைத் தொடுகிற கடைசி அடுக்கு நகராது.
சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்,
மேலே லேசில் கொடுக்காது.
கொடுக்கல் வாங்கல் படுத்துவிட்ட கடை."
தன் ஊர்க்காரர்கள் நினைவு வந்ததோ என்னவோ,
சிரித்துவிட்டார்.

காந்தத்துக்குக் கல்லுக்கட்டி போனேன்.
மைக்செட் கடையில் வாய் கிழிந்த ஒலிபெருக்கிகள்.
எட்டை உடைத்து எட்டு வட்டக் காந்தம்.
எந்தத் திருவிழாவில் எத்தனை பேரைத்
தூங்கவிடாமல் அடித்தவையோ.

எட்டுக்கும் வடக்கு மேலே இருக்க வேண்டும், படத்தில் அப்படி.
வைத்தால் நிற்கவில்லை.
பந்தியில் இலைக்கு முந்துகிறவர்கள் மாதிரி
ஒன்றையொன்று தள்ளின.
பசை காயும்வரை யார் பிடித்துக்கொண்டிருப்பது?
ஒன்றுவிட்டு ஒன்றைக் கவிழ்த்தேன்.
ஒட்டிக்கொண்டு சமர்த்தாகப் படுத்தன.
மேடத்திடம் சொல்லவில்லை.

காந்தமில்லாத மூன்று வாரமும்
எழுபத்தொன்றிலேயே குத்தவைத்திருந்த எண்,
கணக்குப்படி அறுபத்தொன்பதுக்கு வர வேண்டியது,
அன்று மாலை அறுபத்தாறு.
கம்பியைச் சோதித்தோம். கம்பி சரி.
மீட்டரை மாற்றினோம். அறுபத்தாறு.
அப்புறம்தான் ஒப்புக்கொண்டேன்.

திட்டுவார் என்று நின்றேன்.
தரையில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில்,
தட்டின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிர்ந்த துளிக்குத்தான் காந்தம் அதிகம் பிடிக்குமாம்.
சூடு ஏற ஏற அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடுமாம்.
குளிர்ந்தது இறங்கி வந்து நெருக்க,
சூடானது இடத்தைக் காலிசெய்கிறது.
வடக்கு தெற்காகிற ஒவ்வொரு ஓரத்திலும்
ஒரு சின்னச் சுழல்.
நகராத அடுக்கு நகரவில்லை,
மெலிந்திருக்கிறது.

பம்ப் மட்டும் முனகியது.
முன்னைவிட அதிக மின்சாரம் இழுக்கிறது.
"அதையும் எழுது" என்றார்.
வட்டி என்று எழுதி, அடித்துவிட்டு,
பம்ப் கூடுதல் பதினொரு சதம் என்று எழுதினேன்.
காந்த அமைப்பு என்ற கட்டத்தில்
அவரே பேனாவை வாங்கி எழுதினார்:
மாறி மாறி. ஆரோக்கியம்.

விசிறியைப் போடட்டுமா என்றேன்.
இன்னும் ஒரே ஒரு அளவு என்றார்.