கொசுறு

ஆலைக்குள் எல்லாம் புதுசு, அந்தத் தராசைத் தவிர.
இரண்டாயிரத்து மூன்றில் வாங்கியது.
காட் மீன் துண்டை நிறுத்து
எடையைக் காற்றில் அனுப்பும்.
அதற்குத் தெரிந்த ஒரே பூட்டு வெப்;
உலகம் எப்போதோ குப்பையில் போட்டது.
இருந்தும் அதற்கென்றே பழைய வைஃபை ஒன்று
இங்கே எரிந்துகொண்டிருக்கிறது,
ஒரே பயணிக்காக ஓடும் படகு மாதிரி.

"இந்த வாரம் முடித்துவிடு, ஸ்டெய்ன்வோர்,
காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்" என்றார் மேலாளர்.

முதலில் வெளியிலிருந்து பார்ப்பது என் வழக்கம்.
துறைமுகத்தில் வண்டியை நிறுத்தினேன்.
ஜனவரி. மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.
பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
சரி, பகலே வராத மாதத்தில்?
தராசு பேசிக்கொண்டே இருந்தது.
நாலு பத்து. மூணு எண்பத்தாறு. நாலு பத்து.

கார் ஹீட்டர் சூடாவதற்குள் சாவி கையில்.

பாவம் வெப்.
பொட்டலத்துக்கு ஒரு புது எண் என்று வாக்குக் கொடுத்தது,
இருபத்து நாலு பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல்.
எண் தீர்ந்ததும் சொன்னதையே சொல்லும்;
கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது போதும்.
அப்புறம் வந்தது, அதே சட்டையில் அவசரமாய்ப் போட்ட ஒட்டு.
அதற்கடுத்தது நல்ல துணி, பதின்மூன்று வருஷம் தாங்கியது,
கைகுலுக்கலின் மூன்றாம் அசைவை
மறுபடி செய்யச் சொல்லி யாரோ கேட்கும்வரை.
மரியாதை தெரிந்த பிள்ளை, மறுபடி செய்தது;
போட்டிருந்த சாவியையே புதிதென்று நம்பி
எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.
இப்போதைய மூன்றாவது என் பையில் இருக்கிறது.
அதன் ஓட்டையும் எங்கோ பிறந்திருக்கும்,
பெயர்தான் வைத்திருக்க மாட்டார்கள்.

பதினொரு மெகாபிட்டில் தவழ்ந்தது
இன்று கிகாபிட்டில் பறக்கிறது என்கிறார்கள்.
பறக்கட்டும்.
வானிலை ராடார் தொண்டையைச் செருமினால்
வாயைப் பொத்திக்கொண்டு வேறு சேனலுக்கு நகரும்
அந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது.

உள்ளே போய்த் தராசின் காகிதச் சுருளைக் கிழித்தேன்.
சுருளில் நாலு பத்து.
சர்வரில் நாலு பதினாலு.
மறுபடி: மூணு எண்பத்தாறு, மூணு தொண்ணூறு.
நாற்பது கிராம்.
இரவு ஷிப்டில் மட்டும். ஏழாம் மேசைக்கு மட்டும்.

வெப்பில் அது முடியும்.
உறையைப் பிரிக்காமல்,
உள்ளே இருப்பதைப் படிக்கக்கூடத் தெரியாமல்,
ஓர் இலக்கத்தைத் திருப்பி விடலாம்;
அரக்கு முத்திரையும் சேர்ந்து தலையாட்டும்.

ஏழாம் மேசையில் போகுமிவா.
க்தின்யாவிலிருந்து வந்தவள்.
வலது மணிக்கட்டில் பட்டை,
இடது கையில் கத்தி.
எடைக்குத்தான் போனஸ்.
அவளுக்கு வைஃபை என்றால்
இடைவேளையில் மகள் முகம், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.
நினைப்பது சாட்சியமல்ல.

சர்வர் அமைப்பைப் புரட்டினால் இன்னொரு வரி:
ஈரக் கழிவு, துண்டுக்கு நாற்பது கிராம்,
எல்லா மேசைக்கும், ஒன்பது வருஷமாக.
அதற்கு மேலாளரின் கையெழுத்து உண்டு,
கடவுச்சொல் உண்டு,
மிக நல்ல குறியாக்கமும் உண்டு.

ஆக ஒருவர் பூட்டை உடைத்துக் கொசுறு போட்டிருக்கிறார்,
ஒருவர் சாவியோடு வந்து அள்ளியிருக்கிறார்.
என்னை அழைத்தது பூட்டுக்காக.

புதுத் தராசை மாட்டினேன். பச்சை விளக்கு.
காட்டிய எடைதான் இனிப் போய்ச் சேரும், ஒரு கிராம் பிசகாமல்,
கழிப்பவர்களிடம்.

அறிக்கையில் எழுதினேன்:
சாதனம் பழையது, மாற்றப்பட்டது.
கீழே, யாரும் கேட்காத இடத்தில்,
ஈரக் கழிவு என்ற அந்த வரியை
எண்ணோடு, தேதியோடு, அப்படியே ஒட்டி,
தொழிற்சங்கத்துக்கும் ஒரு நகல் என்று போட்டேன்.
ஏழாம் மேசையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
காகிதச் சுருள் என் சட்டைப் பையில்
மீன் வாடையோடு.