ஈரப்பதம் பத்தொன்பது

தை பிறந்து ஒன்பதாம் நாள்
விடியற்காலை நாலு மணிக்குப் பெய்தது.
தலைஞாயிறு கொள்முதல் நிலையக் களத்தில்
அறுபத்து மூன்று குவியல்கள்.
தார்ப்பாய் நாற்பது.

ஞானஒளிவு குழுவில் படம் போட்டார்:
தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் நெல்,
ஓரத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு.
நான் இங்கே பட்டியல் எழுத்தர்.
கண்ணாடி போடாத கண்ணோடு
அழுகிற முகம் என்று நினைத்து
ஒன்றைத் தொட்டு அனுப்பினேன்.
அது
கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம்.
திரையில் இரண்டுக்கும் நடுவே
ஒரு நெல்மணி அகலம்கூட இல்லை.

நீக்குவதற்குள் நூற்று நாலு பேர் பார்த்திருந்தார்கள்.
"ஞானஒளிவு வெளியேறினார்" என்று
சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

அதன்பிறகு யாரும் நெல்லைப் பற்றிப் பேசவில்லை.

லாரி தெட்சிணாமூர்த்தி ஆரம்பித்தார்:
"எழுத்துத் தெரியாத காலத்துல கைநாட்டு வச்சோம்.
பி.ஏ. படிச்சுட்டு மறுபடியும்
கட்டவிரலத் தூக்கிக் காட்டுறோம்.
சாவுச் சேதிக்கும் கட்டவிரல்,
சாக்கு வந்துருச்சுன்னாலும் கட்டவிரல்."
அதற்கு ஒன்பது கட்டைவிரல்கள் விழுந்தன.

நிலம் இங்கேயும் ஆள் ஜொகூரிலுமாக இருக்கும்
மீரான் ஷா கேட்டார்:
"இந்த மூஞ்சி ஏன் மஞ்சளா இருக்கு?
மஞ்சள் பூசுனதா, காமாலையா?
நம்ம ஊருல இந்த நிறத்துல யாரு சிரிச்சிருக்கா?"

கல்லூரி முடித்த மதுமிதா சொன்னாள்:
"அழுதுகிட்டே சிரிக்கிறத இப்ப
பெரியவங்கதான் போடுவாங்க.
எங்களுக்குச் சிரிப்பு வந்தா மண்டை ஓடு."
குழு அரை மணி நேரம் அடங்கிப்போனது.
நெல் நனைஞ்ச வீட்டுக்கு மண்டை ஓடா என்று
யாரோ கேட்டு,
கேட்டதை அழித்தார்கள்.

அஞ்சம்மாள் எழுதவே மாட்டாள்.
குத்தகை நாலு மா, டோக்கன் நாற்பத்தொன்று.
ஒரு கதிர், ஒரு மேகம், ஒரு கடிகாரம்,
மறுபடி ஒரு கடிகாரம்,
கடைசியில்
கண் மட்டும் இருந்து வாயில்லாத ஒரு முகம்.
கீழே அவள் குரல், ஆறு விநாடி:
"இதுல எங்கய்யா பிழை இருக்கு? காட்டுங்க."

தெட்சிணாமூர்த்திகூடக் காட்டவில்லை.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
மேலதிகாரி "கணக்கை உடனே அனுப்பவும்" என்று எழுதி
பக்கத்தில் ஒரு சிரிப்பை வைத்தால்
எனக்கு வயிறு கலங்கும்.
வைக்காவிட்டால் இன்னும் கலங்கும்.
திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர்
"சாப்டியா"வுக்குப் பின்னால் வைக்கும் சிவப்பு இதயம்
போன் தானாக நீட்டுவதா
அவர் தேடி எடுப்பதா என்று
இன்றுவரை கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை ஞானஒளிவு வந்தார்.
ஈரப்பதமானியில் ஒரு பிடி போட்டேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு உத்தரவில்லை.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
கோபம் இருந்தது. நடுவில் ஒரு கொட்டாவி வந்தது.
மூக்கோரம் ஒரு பதர் ஒட்டியிருந்தது.
போனில் தேடினால் கிடைக்காது அந்த முகம்.
"நீ சிரிக்கலன்னு தெரியும்மா.
ஆனா வந்தது சிரிப்புதானே."
சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்
நெல்லைக் காலால் தள்ளிப் பரப்பினார்.

இரவு அவரை மறுபடி குழுவில் சேர்த்தேன்.
தனியாக "மன்னிக்கவும்" என்று அடித்து நிமிர்வதற்குள்
போன் இரண்டு கைகளைக் கூப்பி நீட்டியது.
தொட்டால் போதும்.
சுத்தமான கைகள், நகத்தில் அழுக்கில்லை.
என் கையெல்லாம் நெல்லுச் சுணை,
கழுவியும் போகவில்லை.

எழுத்தை மட்டும் அனுப்பினேன்.
இரண்டு டிக்கும் நீலமாயின.
எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.
நான் தூங்கிப்போனேன்.

காலையில் பார்த்தால்
"இன்னிக்கு சாக்கு வருமா" என்று மட்டும் இருந்தது.
பக்கத்தில் ஒரு சூரியன்,
கண் மூக்கு வரையாதது.