நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கூடல்நகர் சரக்குக் கொட்டகையில் இரவுக் காவல்.
சிம்மக்கல் நூலகத்தில் எடுத்த புத்தகம்.
வதைமுகாமில் மிஞ்சிய யூதப் பெண்
இறந்த தோழியின் போர்வைக்குள் கைவிட்டு
ரொட்டியை எடுத்துத் தின்றதை
ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள்.

அழுகை வரவில்லை.
பசித்தது.

எதிரே முத்துக்காளை
அடுப்பணைக்கப் போகிற நேரம்.
இரண்டு புரோட்டா, கேட்டு வாங்கிய சால்னா.
விரலை நக்கினேன்.
நக்கியது உறைக்க
குழாயடியில் நெடுநேரம் கை கழுவினேன்.

மூன்றாம் தண்டவாளத்தில்
கதவடைத்த பெட்டிகள். சிமெண்ட்.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்,
சிமெண்ட்தான்.
டார்ச்சோடு போய்
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்து பிரித்தால்
ரொட்டி வருகிற வரியின் ஓரம்
பழைய எண்ணெய்க் கறை.

என்னுடையதில்லை.