காரைதீவு வரைக்கும்

பதினாறு வருசம் அக்கரைப்பற்று–கொழும்பு இரவு பஸ்.
கிளச்சுக்கு ஒரு கால், பிரேக்குக்கு ஒரு கால்.
இடுப்பு மட்டும் மடிச்சபடி கிடந்தது,
ஆளே இறங்காத பின் சீற் மாதிரி.

இப்ப பள்ளியில் நான் கடைசி வரிசை,
பிளாஸ்டிக் கதிரை.
எனக்கு நாற்பத்தி நாலு.
பக்கத்துக் கதிரை ஆதம்லெப்பை ஹாஜியாருக்கு எழுபத்தெட்டு.
"வாங்க தம்பி" எண்டு தள்ளி இடம் விடுகிறார்.
அந்தத் தம்பிதான் கூட நோகுது.

கல்முனை ஆஸ்பத்திரியில் பிசியோ குகப்பிரியா
படத்தில் காட்டினா:
முள்ளந்தண்டில் தொடங்கித் தொடையில் முடியிற தசை,
இருந்து இருந்து கட்டையாப் போயிட்டு.
"பயந்த பூனை அது.
வெடுக்கெண்டு இழுத்தால் இன்னும் உள்ளுக்கு ஒளிக்கும்."

நான் கேட்டேனா?
பஸ்ஸால் இறங்கின கையோட, குளிர்ந்த உடம்போட,
துள்ளித் துள்ளி இழுத்தேன்.
கவட்டுக்குள் ஊசி ஏறினாப்போல ஒண்டு.
இரண்டு நாள் லீவு, முதலாளியின் ஏச்சு.

மறுகா சொன்னபடி.
கடற்கரை றோட்டால் பத்து நிமிச நடை.
முன்னறையில் மடித்த துவாய்,
அதன்மேல் வலது முழங்கால், இடது பாதம் முன்னுக்கு.
நாரியை வளைக்காமல்
வால் எலும்பை உள்ளுக்கு எடுத்து,
ஓர் அங்குலம் முன்னால்.
அவ்வளவுதான். ஓர் அங்குலம்.
இழுக்கலாம், குத்தக் கூடாது.
கால் விறைத்தால் விட்டுவிட வேணும்.

முப்பது எண்ணச் சொன்னா.
எண்ணினால் எனக்கு அவசரம் வரும்.
ஊருக்கு ஒரு மூச்சு விடுகிறேன்:
அக்கரைப்பற்று.
அட்டாளைச்சேனை.
பாலமுனையில் தசை முறைக்கும்.
ஒலுவிலில் ஆருமே ஏறமாட்டார்கள்.
நிந்தவூரில், ஏனெண்டு தெரியாது, கொஞ்சம் இளகும்.
காரைதீவு.
கல்முனை மட்டும் போவமா எண்டு ஆசை வரும்.
இறங்கிவிடுகிறேன்.
மற்றக் கால்.

தேத்தண்ணியோட வந்த மனுசி றிபாயா,
"ஆரிட்டக் கலியாணம் கேக்கிறீங்க
முழங்காலில நிண்டு?"
சிரித்தேன், ஊர் தவறிப்போயிற்று.
திரும்ப அக்கரைப்பற்று ஸ்டாண்டில் இருந்து.

ஆறாம் கிழமை.
வெள்ளிக்கிழமை இன்னும் கதிரைதான்.
நேற்று விடியச் சாமம்
பொலன்னறுவைத் தேத்தண்ணிக் கடையடியில்
கம்பியைப் பிடிக்காமல் பஸ்ஸால் இறங்கினேன்.
கண்டக்டர் இஜாஸ் நித்திரை, பார்க்கவில்லை.
சும்மா ஒருக்கா பஸ்ஸைச் சுற்றி நடந்தேன்,
டயர்களுக்குக் காற்றுப் பார்க்கிற ஆள் மாதிரி.